எனக்குச் சொல்லாத சிஸ்டர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஒப்புதல் வாங்குவது எப்படி, ரகசியம் காப்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். பொறாமையைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நான் அதைத்தான் எழுதப் போகிறேன். இந்த வேலையில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெண்ணின் பெயர் பூங்கொடி இல்லை. உறவுமுறையையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். “எழுதிக்கங்க அத்த, பேர மட்டும் நல்ல பேரா வைங்க” என்றாள். வைத்திருக்கிறேன். விருத்தாசலத்துக்கு வந்து யாரென்று தேடாதீர்கள். தேடினால் நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

நான் இந்த ஊர்க்காரி. எய்ட்ஸ் என்று மைக்கில் சொன்னால் ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போன காலத்திலேயே இந்த வேலைக்கு வந்துவிட்டேன். ஆணுறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதற்காக என் சொந்த மாமா என்னோடு இரண்டு பொங்கலுக்குப் பேசவில்லை. செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஒவ்வொரு ஷெட்டும் எனக்குத் தெரியும். எந்தக் கம்பெனியில் பொம்மை, எந்தக் கம்பெனியில் கரண்டுக்கான ப்யூஸ் கேரியர், எந்த முதலாளி மத்தியானம் தூங்குவார் என்பது வரைக்கும் தெரியும். பெண்கள் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அது மரியாதை என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எல்லார் கையிலும் வந்திராத வருடங்களில், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று, எய்ட்ஸ் விழிப்புணர்வு வேலை பார்த்த எங்கள் ஆபீசோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தது. பெண்கள் தாங்களே, புருஷனைக் கெஞ்சாமல், பயன்படுத்தக்கூடிய ஒரு ஜெல். அது எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சி. சிலருக்கு மருந்து கலந்த ஜெல், சிலருக்கு மருந்து கலக்காத ஜெல். யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது.

அதற்காக ஒரு நர்ஸை வேலைக்கு எடுத்தார்கள். திட்டக்குடிப் பக்கத்துப் பெண். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அவளை இங்கே ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். வாரக் கடைசியில் பஸ் பிடித்து ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலையில் தலை நிறைய கனகாம்பரத்தோடு வந்து நிற்பாள்.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் போனேன். வழக்கம்போல எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஜெல்லைப் பற்றி விளக்கினேன். வேலையை நிறுத்தாமலே ஒருத்தி கேட்டாள்.

“அப்ப எங்கள வெச்சிதான் பாக்கப் போறீங்களா?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். பெண்களின் எதிர்காலம், அறிவியல், சமூகத்தின் பங்கு என்று ஆரம்பித்தேன். நடுவில் ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்.

“ஆமாங்க. உங்கள வெச்சிதான். அதனாலதான் வேணாம்னு சொல்றதும் உங்க கையிலதான் இருக்குது. பாதில நிறுத்திக்கிறதும் உங்க இஷ்டம். இது மருந்துன்னு நெனச்சி வராதீங்க. மருந்தான்னு பாக்கறோம், அவ்ளோதான்.”

நான் சொல்ல வந்ததும் அதுதான். ஆனால் அந்தப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த ஒருத்தி நகர்ந்து, பக்கத்தைத் தட்டி, “உக்காருங்க சிஸ்டர்” என்றாள். அத்தனை வருடத்தில் எனக்கு அவர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நகர்ந்து இடம் கொடுத்ததில்லை. வயிறு எரிந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர்கள் அவளுக்கு ஒரு யானைப் பொம்மை வேறு கொடுத்தார்கள். சூளையில் காது உடைந்துபோன யானை. விற்க முடியாததுதான். இருந்தாலும் எனக்கு மூக்கு உடைந்த கோழிக்குஞ்சைக்கூட யாரும் கொடுத்ததில்லை. அவள் அதைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்தால் நேராக அதுதான் கண்ணில் படும்.

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஆராய்ச்சியில் கிருமி இல்லாத பெண்களைத்தான் சேர்க்க முடியும். ஏற்கெனவே கிருமி இருக்கிறவருக்கு அது வராமல் தடுக்கிறதா என்று பார்க்க முடியாதில்லையா. கர்ப்பமாக இருப்பவர்களையும் சேர்க்கக் கூடாது. இன்னும் சில காரணங்களும் உண்டு. ஆனால் ஊருக்கு ஒரே காரணம்தான் தெரியும். சேர்த்துக்கொண்டால் சுத்தம். விட்டுவிட்டால் சந்தேகம்.

எங்களுக்கு மேலே இருந்த பெரிய டாக்டரம்மாவுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. “யாரச் சேத்தோம், யார விட்டோம்னு வாசல்ல நிக்கிறவங்களுக்குத் தெரியவே கூடாது” என்பார். அதனால் ஒரு தடவை சோதனைக்கு வந்தவர் யாராக இருந்தாலும், சேர்ந்தாலும் சேராவிட்டாலும், தொடர்ந்து உடம்பு பார்த்துக்கொள்ள வரலாம் என்று ஏற்பாடு செய்தார். ஒரே வாசல், ஒரே அறை, எல்லாருக்கும் கொடுத்தனுப்புவது ஒரே மாதிரித் துணிப்பை. ஸ்டெல்லா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். அறைக்குள் வந்த ஒவ்வொருவரிடமும், “வெளிய என்னப் பாத்தா தெரியாத மாதிரி போயிடுங்க. நானும் அப்படித்தான் போவேன்” என்று சொல்லிவிடுவாள்.

நல்ல ஏற்பாடு. ஆனால் செராமிக் கம்பெனிப் பெண்களை மறந்துவிட்டோம். அவர்கள் எதற்கும் தனியாகப் போக மாட்டார்கள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சரிசெய்கிற வேலை அது. அந்த மேசைதான் அவர்களுக்குச் சொந்தபந்தம். கண் முகாமுக்கு மேசையோடு வருவார்கள், காதுகுத்துக்கு மேசையோடு போவார்கள், திரும்பி வந்து அவரவருக்கு என்ன நடந்தது என்று மேசையில் கொட்டுவார்கள். நாங்கள் வாசலைத்தான் காவல் காத்தோம்.

அப்படி ஒரு மேசை எங்கள் ஆபீசுக்கு வந்தது. அதில் பூங்கொடி இருந்தாள். என் அண்ணன் மகள். அவள் கல்யாணத்தை முன்னால் நின்று முடித்து வைத்ததே நான்தான். மாமியார் சரோஜா என்னோடு எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் படித்தவள். மாப்பிள்ளை போர் வண்டியில் வேலை பார்த்தான். வடக்கே போனால் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் அங்கேயே இருப்பான். பூங்கொடிக்கு அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த ஒரு பெண் குழந்தை.

அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

“அத்த, அந்த சிஸ்டரு இருக்காங்களா?”

நான் தூக்கி வளர்த்த பெண். அவளுக்கு முதல் புடவை எடுத்துக் கொடுத்தவள் நான். நேற்று வந்தவளைத் தேடுகிறாள். “உள்ளதான் இருக்கா, போ” என்றேன். கதவு சாத்திக்கொண்டது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “சொந்தக்காரங்க வந்தா நீங்க அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது, அப்புறம் கேக்கவும் கூடாது” என்றார். அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த விதியைச் சொல்லித் தந்ததே நான்தான். சொல்லித் தருவது வேறு, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது வேறு.

சோதனை முடிவு வாங்க அவர்கள் மறுபடி வந்துபோன அன்றைக்கும் நான் கேட்கவில்லை. ஆனால் ஸ்டெல்லா தானாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லாவிட்டாலும் முகத்திலாவது காட்டுவாள் என்று அடிக்கடி ஏதாவது சாக்கில் அவள் மேசைப் பக்கம் போனேன். “அக்கா, டீ சாப்ட்டீங்களா?” என்றாள். யானையைத் துடைத்து வைத்தாள். ஒரு துளிகூடத் தெரியவில்லை.

சீக்கிரமே மேசையில் பேச்சு கிளம்பியது. ஒருத்தி, “நான் முழுகாம இருக்கேன், அதான் என்ன வேணாம்னுட்டாங்க” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற மூன்று பேர் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். பூங்கொடி முறை வந்தபோது, “எனக்கு இஷ்டமில்ல, நான் சேரல” என்றாளாம். அவ்வளவுதான். சாயங்காலமே அது சரோஜா காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை ஸ்டெல்லா ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் எதிரில் நின்றேன்.

“நாளைக்கு பூங்கொடி மாமியா வரா. சாதாரண ஆளு இல்ல. என்ன சொல்லட்டும்?”

“தெரியாதுன்னு சொல்லுங்கக்கா.”

“தெரிஞ்சாதான அந்தப் பொண்ணக் காப்பாத்த முடியும்? எத மறைக்கணும்னே தெரியாம எப்படி மறைக்கிறது?”

அவள் பையின் வாயை இழுத்து மூடினாள். “மறைக்கிற வேல உங்களுக்கு வேணாங்க்கா. அது என்னோடது” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “இதே மாதிரி எங்க வூட்டுப் பொண்ணு உங்ககிட்ட வந்திருந்தா, நீங்களும் என்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்க” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது. என் வேலையை எனக்கே நல்லவிதமாக எடுத்துச் சொல்கிறாள். பஸ் தாமதமாக வரட்டும் என்று மனதாரச் சபித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சரோஜா ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தாள். அதைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரே மேச. அஞ்சு பேரு போனாளுங்க. ஒருத்தி முழுகாம இருக்கறா, சரி. மூணு பேர எடுத்துக்கிட்டாங்க. எம் மருமவள மட்டும் எதுக்குடி விட்டாங்க?”

“அவளுக்கு இஷ்டமில்லன்னு சொல்றாளே.”

“அவ சொல்லுவா. நான் நம்பணுமே? எம் புள்ள வடக்க வெயில்ல கெடக்கறான். இவளுக்கு ஏதாவது ஒன்னுன்னு தெரிஞ்சிது, புள்ளய நான் வெச்சிக்குவேன், இவள உங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடுவேன். இப்பவே சொல்லிட்டேன். நீ அங்கதான வேல பாக்கற. உனக்குத் தெரியாம இருக்காது. ஒரு வார்த்த சொல்லிடு, போயிடறேன்.”

அப்படி ஏதாவது வந்திருந்தால் அது அவள் பிள்ளை கொண்டுவந்ததாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்த வேலையில் இதை நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள். அன்றைக்கு அதைப் பேசினால் பூங்கொடியைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியாது சரோஜா.”

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். என் காதோர முடியை ஒதுக்கிப் பார்த்தாள். நான் பொய் சொன்னால் என் காது சிவக்கும். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கும் அது தெரியும், சரோஜாவுக்கும் தெரியும்.

“நெசமாவே தெரியாதா?”

அப்போது எனக்குள் இருந்ததெல்லாம் வெடித்துவிட்டது. அதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை.

“தெரியாதுடி! அந்த சிஸ்டரு என்கிட்ட எதையும் சொல்ல மாட்டேங்குறா. இந்த ஊர்ல தெருத் தெருவா அலஞ்சவ நான். நேத்து வந்தவகிட்ட எல்லாரும் போய் ஒக்காந்துக்கறாளுங்க. உம் மருமவளும் அவளத்தான் தேடிப் போனா. என்ன ஒரு ஆளா மதிக்கல. வயிறு எரியுதுடி எனக்கு. நீ வேற வந்து கேக்கற!”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.  சரோஜா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். விசாரிக்க வந்தவள் என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். “விடுடி. நேத்து வந்ததுக்கு இவ்ளோ திமுரா? உன் அரும இந்த ஊருக்கே தெரியும்” என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டெல்லாவைத் திட்டினோம். மறைக்காமல் சொல்கிறேன், சுகமாக இருந்தது.

திட்டி முடித்ததும் சரோஜா நெற்றியைச் சொறிந்தாள். அவள் முகம் தெளிய ஆரம்பித்தது.

“எங்க மாமனாருக்குப் புத்துநோய்னு டாக்டரு அவருகிட்டயா சொன்னாரு? எங்க வூட்டுக்காரரத் தனியா கூப்ட்டுதான சொன்னாரு. கெட்ட சேதின்னா சொந்தக்காரங்களத்தான மொதல்ல கூப்புடுவாங்க. நீ அத்தக்காரி, அங்கயே இருக்கற. உனக்கே ஒரு வார்த்த சொல்லலன்னா, அவளுக்கு ஒன்னும் இல்லன்னுதான அர்த்தம்?”

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வழக்கம் அதுதான். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு வீட்டாரை உள்ளே கூப்பிடுவார்கள். எங்கள் அறையில் விதி அதற்கு நேர் எதிர். எவ்வளவு கெட்ட செய்தியாக இருந்தாலும் சம்பந்தப்பட்ட பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் போகாது. சரோஜா பழைய வழக்கத்தை வைத்து எங்கள் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அர்த்தம் தப்பு.

என் வாய் திறந்தது. “அப்படி இல்ல சரோஜா, எங்க ஆபீஸ்ல யாருக்குமே சொல்ல மாட்டாங்க” என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. சொன்ன அடுத்த நிமிடம் அவள் சந்தேகம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். “ஆமா, ஒன்னும் இல்ல” என்று தலையாட்டியிருக்கலாம். அது எனக்குத் தெரியாத விஷயம். அதோடு, இன்றைக்குப் பூங்கொடிக்கு “ஒன்னும் இல்ல” என்று சொன்னால், நாளைக்கு இன்னொரு பெண்ணைப் பற்றி ஒருத்தர் வந்து கேட்கும்போது நான் பேசாமல் இருந்தால் அதுவே பதிலாகிவிடும். நல்ல செய்தியைச் சொல்வதும் ரகசியத்தை உடைப்பதுதான். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பலரும் இங்கேதான் வழுக்குவார்கள்.

“காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போ” என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அவள் குடித்துவிட்டுப் போனாள். முருங்கைக்காயை எனக்கே விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. பூங்கொடி அந்த வீட்டிலேயே இருந்தாள். குழந்தை அவளோடு இருந்தது.

ஒரு தப்பான கணக்கைத் திருத்தாமல் விட்டது சரியா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் பொய் சொல்லவில்லை. சரோஜாவுக்கு உண்மையைச் சொல்லும் உரிமை பூங்கொடி ஒருத்திக்குத்தான் உண்டு. எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்று முடிவெடுக்க அவளுக்கு நேரம் வேண்டும், துணை வேண்டும். அவள் உடம்புக்கு ஏதாவது வேண்டியிருந்தால், அவள் புருஷனை வரவழைத்துப் பேச வேண்டியிருந்தால், அதைப் பார்ப்பது ஸ்டெல்லாவின் வேலை. அந்த நேரத்தை அவளிடமிருந்து பிடுங்காமல் இருந்ததுதான் நான் செய்தது. இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அடுப்படிக்குத்தான் போவேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவளைத் திட்டிய பகுதியையும் விடவில்லை. சிரித்தாள். “நல்லதுக்கா” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் எனக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானே யோசித்துப் பார்த்தேன். எந்தப் பதிலாக இருந்தாலும் என் காது காட்டிக்கொடுத்திருக்கும். அவள் செய்தது சரி என்று புரிந்தது. சரியாகச் செய்கிறவர்கள்மேல் வரும் பொறாமை இன்னும் மோசம். குறை சொல்லக்கூட ஒன்றும் அகப்படாது.

அந்த ஜெல் கடைசியில் கடைகளுக்கு வரவில்லை. ஆராய்ச்சியில் பாதி வேலை அப்படித்தான் முடியும். அதையும் அந்த மேசைப் பெண்களிடம் போய் நேராகச் சொல்லிவிட்டுத்தான் ஆபீசைக் காலி செய்தோம். “பரவால்ல, எங்களுக்குச் சொல்றீங்களே” என்றார்கள். அதையும் ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

அவள் திட்டக்குடிக்கே திரும்பிப் போன அன்றைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். யானையையாவது விட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தேன். பழைய புடவையில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது பூங்கொடி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டெல்லாவை ஒரு கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டி என்னிடம் வந்தாள். “அத்த! இங்க என்னா பண்றீங்க? வூட்டுக்கு வரதில்லையா?” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாள், சிரித்தாள், மகளிடம் எனக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னாள். ஸ்டெல்லா அந்தப் பக்கம் திரும்பி வேர்க்கடலை விற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி ஒருமுறைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை. கண் முகாமிலிருந்து கோயில் திருவிழாவரை எங்கே பார்த்தாலும், அறைக்குள் வந்த பெண்கள் எல்லாருமே அவளை அப்படித்தான் தாண்டிப் போனார்கள். அவளே சொல்லிக் கொடுத்தது.

பூங்கொடி போனதும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“இத்தினி நாளு இந்த ஊர்ல இருந்தேன். கடத்தெருவுல ஒருத்திகூட என்னப் பாத்து சிரிச்சதில்லக்கா. உங்களப் பாத்தா ஓடி வராங்க. உங்க மேல எனக்கு எவ்ளோ பொறாம தெரியுமா?”

பஸ் வந்துவிட்டது. யானை இருந்த பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். 

வேலையை விட்டு வந்த பிறகும் எனக்கு அவள்மேல் பொறாமை போகவில்லை. பூங்கொடியைப் பற்றி அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, பூங்கொடியும் சொல்லவில்லை.

போன வாரம் பூங்கொடி வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு என் பாயிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, “உங்க வூட்லதான் அத்த எனக்கு இப்படித் தூக்கம் வருது” என்றாள். ஏன் என்று கேட்க வாய்வரை வந்தது. அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன்.

எல்லாம் தெரிந்த ஸ்டெல்லா வீட்டில் இப்படி யாரும் வந்து தூங்கியிருக்க மாட்டார்கள்.